ஸல்வே: லத்தீன் வணக்கச் சொல்லைப் பிழையில்லாமல் சொல்லவும் எழுதவும் ஒரு முழுமையான வழிகாட்டி

லத்தீன் படிக்கத் தொடங்குகிறவர் முதல் நாளே கற்றுக்கொள்ளும் சொல் ‘ஸல்வே’. பாடநூல்கள் அதற்கு ‘வணக்கம்’ என்று ஒற்றைச் சொல்லில் பொருள் கொடுத்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. பிழைகள் அங்கேதான் முளைக்கின்றன. வணக்கம் பெயர்ச்சொல். ஒருவரிடம் சொன்னாலும் ஊர்க்கூட்டத்தில் சொன்னாலும் மாறாது. ஸல்வே வினைச்சொல், அதிலும் ஏவல் வினை: எதிரில் நிற்பவரைப் பார்த்து ‘நலமாயிரு’ என்று சொல்வது. வினை என்பதால் அது ஒருமை பன்மைக்கு ஏற்ப மாறும், பின்னால் ஒரு விளியைக் கூட்டிக்கொள்ளும், பதிலுக்கும் அதே வினையைக் கேட்கும். இந்த ஒன்று மனத்தில் பதிந்துவிட்டால் மற்ற விதிகளை உருப்போட வேண்டியதில்லை.

முதல் படி: சொல்லைப் பிரித்துப் பார்ப்பது

மூலவினை ‘ஸல்வேரெ’, நலமாய் இருத்தல். அதற்குப் பக்கத்தில் நிற்கும் பெயரடை ‘ஸல்வுஸ்’: ஊறுபடாத, முழுமையான, பத்திரமான. பெயர்ச்சொல் ‘ஸலூஸ்’: நலம், உய்வு, பாதுகாப்பு. இந்த ஸலூஸிலிருந்து ‘ஸலூதாரெ’ என்ற இன்னொரு வினை பிறந்தது. அதன் பொருள் ‘நலம் சொல்லுதல்’, அதாவது வணங்குதல், வாழ்த்துதல். ஆக ஸல்வே என்று வாயால் சொல்வது ஒரு வினை, அந்தச் செயலைக் குறிப்பிடுவது இன்னொரு வினை. ‘அவன் என்னை வணங்கினான்’ என்று லத்தீனில் எழுத ஸல்வேரெயைத் தேடினால் கிடைக்காது, அங்கே ஸலூதாரெதான்.

ஸல்வுஸ் என்பதற்கு ஒரு தூரத்து உறவு நம் பேச்சிலேயே இருக்கிறது. வடமொழியின் ‘சர்வ’, நாம் சர்வம், சர்வகட்சி, சர்வதேசம் என்றெல்லாம் புழங்குவது, இதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து வந்தது. குறையாமல் முழுதாய் இருப்பது என்பதே இரண்டுக்கும் அடி. ஸல்வே சொல்லும்போது ரோமானியர் வாழ்த்தியதும் அதைத்தான்: உடம்பும் உடைமையும் குறைபடாமல் இரு.

ஆங்கிலத்தில் களிம்புக்கு இதே எழுத்துக்கூட்டலில் ஒரு சொல் உண்டு. அதைப் பார்த்து ‘நலம் தரும் மருந்து, அதனால்தான் அந்தப் பெயர்’ என்று பலர் விளக்கம் எழுதுகிறார்கள். தவறு. அது ஜெர்மானிய வேர். கொழுப்பு, நெய் சார்ந்தது. நெய்யைக் குறிக்கும் வடமொழி ‘ஸர்பிஸ்’ அதன் உறவு. லத்தீன் ஸல்வேக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஸல்வேரெ முழு வினையாக எல்லாக் காலத்திலும் ஓடுவதில்லை. நடைமுறையில் நீங்கள் சந்திக்கப்போவது இவைதான்: ‘ஸல்வே’ (ஒருமை ஏவல்), ‘ஸல்வேதெ’ (பன்மை ஏவல்), பழைய நாடகங்களில் ‘ஸல்வேதோ’ (சற்றே முறைசார்ந்த ஏவல்), ‘ஸல்வேரெ’ (எச்சம்), எப்போதாவது ‘ஸல்வேபிஸ்’ (எதிர்காலம்). இந்தக் கடைசி வடிவத்தை ரோமானியப் பேச்சாளர் சிசெரோ தன் நண்பர் அட்டிகுஸுக்கு எழுதிய கடிதத்தில் காணலாம்: என் மகன் சார்பில் உனக்கு வணக்கம் என்பதை ‘ஸல்வேபிஸ் ஆ மேயோ சிசெரோனெ’ என்று எழுதுகிறார்.

இரண்டாம் படி: வாய் பழகுவது

லத்தீனை இன்று இரண்டு முறைகளில் உச்சரிக்கிறார்கள். ஒன்று செவ்வியல் முறை, சிசெரோ காலத்து ஒலி. மற்றது திருச்சபை முறை, இத்தாலிய ஒலியை ஒட்டியது. எதை எடுத்தாலும் சரி. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலக்கக்கூடாது.

செவ்வியல் முறையில் ‘வ’ என்பது இதழ் குவித்துச் சொல்லும் ஒலி. தமிழ் ‘வ’வைச் சொல்லும்போது மேற்பல் கீழுதட்டை லேசாக நெருங்கும். அதை விட்டுவிட்டு, ‘உவே’ என்று வேகமாகச் சொன்னால் வரும் ஒலியே வேண்டும். திருச்சபை முறையில் பல் உதட்டில் நன்றாகப் படும்.

நெடில் குறில் விஷயத்தில் தமிழருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. லத்தீனில் எ, ஏ இரண்டும் தனித்தனி ஒலிகள். ஆங்கிலம் வழியாகப் படிக்கிறவர்கள் இந்த வேறுபாட்டுக்கு மிகவும் சிரமப்படுவார்கள். நமக்குப் பிறவியிலேயே இருக்கிறது. ஸல்வே என்பதில் கடைசி நெடில். ஸல்வேதெ என்பதில் நடு ‘வே’ நெடில், கடைசி ‘தெ’ குறில். தமிழில் எகரக் குறிலில் முடியும் சொல் அரிது என்பதால் நாக்கு தானாக ‘தே’ என்று இழுத்துவிடும். அங்கே கவனம் வேண்டும்.

இன்னொரு சறுக்கல் அந்தத் தகரத்தில். சொல்லின் நடுவில் தனியாக வரும் த நம் வாயில் மென்மையாகிவிடும். ‘காது’ என்பதில் வருவது போல. லத்தீனில் அது வல்லொலி. ‘பத்து’ என்பதில் உள்ள ஒலியை எடுத்து, இரட்டிக்காமல் ஒற்றையாகச் சொல்லுங்கள். டகரமாகவும் ஆக்கக்கூடாது. ‘ஸல்வேட்டே’ என்று கேட்டால் அது ஆங்கிலப் பள்ளி வழி வந்த பழக்கம்.

அழுத்தம் ஈரசைச் சொல்லில் எப்போதும் முதல் அசைக்கு: ஸல்வே. மூவசைச் சொல்லில், கடைசிக்கு முந்தைய அசை நெடிலாக இருந்தால் அதற்கு: ஸல்வேதெ. அழுத்தம் என்பதைக் குரல் எழுச்சியால் காட்ட வேண்டும், ஒலியை நீட்டி அல்ல. ‘ஸால்வே’ என்று நீட்டுவது பிழை.

மூன்றாம் படி: எதிரில் ஒருவரா, பலரா

ஒருவர் என்றால் ஸல்வே. இரண்டு பேர் முதல் இரண்டாயிரம் பேர் வரை ஸல்வேதெ. இவ்வளவுதான் விதி. ஆனால் தமிழ் பேசுகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கேதான், அதுவும் மரியாதையினால்.

நமக்கு ‘நீ’ வேறு, ‘நீங்கள்’ வேறு. ஆசிரியரை, பெரியவரை ஒருமையில் விளிக்க மனம் ஒப்பாது. அதனால் ஒற்றை ஆசிரியரைப் பார்த்து ஸல்வேதெ என்று சொல்லிவிடுகிறோம். செவ்வியல் லத்தீனில் மரியாதைப் பன்மை கிடையாது. அடிமையும் ‘தூ’ (நீ), பேரரசரும் ‘தூ’. ஒருவரிடம் ஸல்வேதெ சொன்னால், அவரோடு இன்னும் யாரோ வந்திருப்பதாகத்தான் பொருள். ஒருவரையே பன்மையில் விளிக்கும் வழக்கம் பிற்காலத்தில், இடைக்காலக் கடிதங்களில் பரவியது. இலக்கண வகுப்பில் அதைப் பின்பற்ற வேண்டாம்.

அப்படியானால் மரியாதையை எங்கே வைப்பது? விளியில். ‘ஸல்வே, மகிஸ்தெர்’ (ஆசிரியரே), ‘ஸல்வே, மகிஸ்த்ரா’ (ஆசிரியையே), ‘ஸல்வே, தோமினெ’ (ஐயா). இந்த ‘தோமினெ’ நம் ‘சார்’ போலவே வேலை செய்தது. வழியில் எதிர்ப்படுகிறவரின் பெயர் நினைவுக்கு வராவிட்டால் அவரை ‘தோமினுஸ்’ என்று அழைத்துச் சமாளிக்கிறோம் என்று தத்துவஞானி செனெகா தன் 3-ஆம் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். கவிஞர் மார்ஷியல் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறார்: முன்பு ‘அரசே, ஆண்டவரே’ என்று விளித்த புரவலரை இப்போது வெறும் பெயர் சொல்லி வணங்குகிறேன், என் விடுதலையை நான் விலைகொடுத்து வாங்கிவிட்டேன் என்கிறார். வினை அதே ஒருமைதான். ஏற்றமும் இறக்கமும் விளிச்சொல்லில் மட்டும்.

நான்காம் படி: பெயரை விளியாக்குவது

ஸல்வேக்குப் பின் பெயர் வந்தால் அது விளி வேற்றுமையில் இருக்க வேண்டும். முருகன் என்ற பெயர் ‘முருகா’ ஆவதுபோல லத்தீனிலும் பெயரின் வால் மாறும்.

‘உஸ்’ என்று முடியும் ஆண் பெயர்கள் ‘எ’ ஆகும்: மார்குஸ், ‘ஸல்வே, மார்கெ’. புரூதுஸ், ‘ஸல்வே, புரூதெ’. பவுலுஸ், ‘பவுலெ’. பெத்ருஸ், ‘பெத்ரெ’.

‘இயுஸ்’ என்று முடிந்தால் ‘ஈ’ மட்டும் நிற்கும்: கிளாவ்தியுஸ், ‘ஸல்வே, கிளாவ்தீ’. கொர்னேலியுஸ், ‘கொர்னேலீ’. ‘கிளாவ்தியெ’ என்று எழுதுவது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. அந்தோனியுஸ் விளிக்கப்படும்போது ‘அந்தோனீ’ ஆகிறார். நம் ஊர் அந்தோணிகளை லத்தீனில் அழைக்க ஏறக்குறைய பெயரைத் தொடவே வேண்டாம். மகனே என்பதற்கு ‘மீ ஃபீலீ’.

மற்ற லத்தீன் பெயர்கள் எல்லாம் எழுவாயில் உள்ளபடியே வரும்: யூலியா, சிசெரோ, கேசர். ‘இயேசுஸ்’ மட்டும் தனி, விளியில் ‘இயேசு’. பன்மையில் கவலையே இல்லை, எழுவாயும் விளியும் ஒன்று: ‘ஸல்வேதெ, திஸ்கிபுலீ’ (மாணவர்களே), ‘ஸல்வேதெ, அமீகீ’ (நண்பர்களே). ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு இந்த ஆண்பால் வடிவமே. பெண்கள் மட்டும் என்றால் செவ்வியல் ஒலிப்படி ‘அமீகை’.

தமிழ்ப் பெயர்களுக்கு என்ன செய்வது? கவிதா, மாலா போல ஆவில் முடிபவை அப்படியே பொருந்தும். செல்வம், முருகன் போல மெய்யில் முடிபவற்றை மாற்றாமல் விடுவதே நல்லது. ‘முருகனுஸ், முருகனெ’ என்று லத்தீன் சட்டை போட்டுவிடலாம், இலக்கணம் அனுமதிக்கும். ஆனால் பெயருக்குரியவர் சம்மதித்தால் மட்டும்.

ஐந்தாம் படி: பதிலும் அதற்கு அடுத்த கேள்வியும்

மிக எளிய பதில் அதே சொல்: ‘ஸல்வே’. சற்று நிறைவாகச் சொல்ல ‘எத் தூ ஸல்வே’ அல்லது ‘ஸல்வே எத் தூ’ (நீயும் நலமாயிரு). பலர் உங்களை வாழ்த்தினால் பதில் ஸல்வேதெ. உங்களை எப்படி விளித்தார்களோ அதைத் திருப்பிச் சொல்லக்கூடாது, எதிரில் எத்தனை பேர் என்று எண்ணிச் சொல்ல வேண்டும். ஆசிரியர் வகுப்பைப் பார்த்து ‘ஸல்வேதெ, திஸ்கிபுலீ’ என்றதும் முழு வகுப்பும் ‘ஸல்வேதெ’ என்று எதிரொலிப்பது வழக்கமாய் நடக்கும் தவறு. சரியான பதில் ‘ஸல்வே, மகிஸ்தெர்’.

ரோமானிய நாடக ஆசிரியர் பிளாட்டுஸின் நாடகங்களில் ‘ஸல்வுஸ் ஸீஸ்’ என்றும் கேட்கலாம். பெண்ணிடம் சொன்னால் ‘ஸல்வா ஸீஸ்’. இது பெயரடை, அதனால் பால் காட்டும். ஸல்வே வினை, அதனால் பால் காட்டாது. பெண்ணைப் பார்த்து ‘ஸல்வா’ என்று தனியாகச் சொல்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்.

வாழ்த்து முடிந்ததும் நலம் விசாரிப்பு. ‘க்விட் அகிஸ்?’ என்பதற்குச் சொல்லுக்குச் சொல் பொருள் ‘என்ன செய்கிறாய்?’, வழக்கில் ‘எப்படி இருக்கிறாய்?’. இதைக் கேட்டதும் செய்துகொண்டிருக்கும் வேலையைச் சொல்ல ஆரம்பிக்கக்கூடாது. ‘பெனெ’ (நன்றாக), ‘ஒப்திமே’ (மிக நன்றாக) என்றால் போதும். கவிஞர் ஹொராஸின் முதல் அங்கதநூலின் 9-ஆம் கவிதையில், ரோம் நகரின் புனிதச் சாலையில் அரைகுறை அறிமுகமுள்ள ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டு ‘க்விட் அகிஸ், உலகிலேயே இனியவனே?’ என்கிறான். ஹொராஸ் சொல்லும் பதில்: ‘இப்போதைக்கு இனிமையாகவே. நீ விரும்புவதெல்லாம் நடக்கட்டும்.’ மரியாதை குறையாமல் பேச்சை முடிக்கப் பார்க்கும் பதில் அது. அவனோ நகரவில்லை.

ஆறாம் படி: அவே எங்கே, வலே எங்கே

ஸல்வேக்கு இரண்டு கூட்டாளிகள் உண்டு. ‘வலே’ பிரியும்போது சொல்வது. வலேரெ, வலிமையாய் இருத்தல் என்ற வினையின் ஏவல். பன்மை ‘வலேதெ’. சந்தித்ததும் ஸல்வே, பிரியும்போது வலே என்பது பாதுகாப்பான விதி. பேரரசர் கால்பா பதவிக்கு வருமுன்பே தன் வீட்டில் ஒரு பழைய வழக்கத்தை விடாமல் நடத்தினாராம்: வீட்டு அடிமைகளும் விடுதலை பெற்றவர்களும் நாளுக்கு இருமுறை கூடி, காலையில் ஒவ்வொருவராக ஸல்வே சொல்ல வேண்டும், மாலையில் வலே சொல்ல வேண்டும். பேரரசர்களின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய ஸ்வெதோனியுஸ் இதை எழுதும்போது, மற்ற இடங்களில் மறைந்துபோன வழக்கம் என்றே குறிப்பிடுகிறார்.

‘அவே’யும் சந்திக்கும்போது சொல்வதே. பன்மை ‘அவேதெ’. பேச்சில் ‘ஹவெ’ என்றே அதிகம் ஒலித்தது. 1-ஆம் நூற்றாண்டின் பேச்சுக்கலை ஆசிரியர் க்விந்திலியன், ஹகரத்தை விட்டுவிட்டுக் கடைசியை நீட்டி ‘அவே’ என்று வணங்குகிறவன் அளவுக்கு மீறிப் படித்தவன் என்கிறார். ஆக இன்று பாடநூலில் திருத்தமாகக் கருதப்படும் ஒலி, அன்றைய தெருவில் பண்டிதத்தனமாகக் கேட்டது. இந்தச் சொல் ஃபீனீசிய மொழியின் ‘வாழ்’ என்ற ஏவலிலிருந்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. பிளாட்டுஸின் ‘பேனுலுஸ்’ நாடகத்தில் கார்த்தேஜ்காரர் சொல்லும் வணக்கம் ‘அவோ’.

இரண்டில் எதைச் சொல்வது? இலக்கணத்தில் தடையில்லை, சூழலில் வேறுபாடு உண்டு. ஸல்வே எல்லா இடத்துக்கும் பொருந்தும். அவே, காலை நேரத்துப் புரவலர் வணக்கத்திலும் பேரரசர் முன்னிலையிலும் அதிகம் கேட்டது. ரோமில் விடிந்ததும் முதல் இரண்டு மணி நேரம் ‘ஸலூதாதியோ’வுக்கு. ஆதரவு தேடுகிறவர்கள் தோகா என்னும் மேலாடை அணிந்து புரவலரின் முற்றத்தில் நிற்பார்கள். பெயர்களை நினைவில் வைத்துச் சொல்வதற்கென்றே ஓர் அடிமை, ‘நோமென்கிளாதோர்’, இருப்பான். வணக்கம் வைத்தவருக்கு 100 க்வாத்ரான்ஸ் என்னும் சில்லறைப் படி கிடைக்கும். யார் முதலில் வணக்கம் சொல்வது என்பதே அங்கே கௌரவப் பிரச்சினை. ‘நேவொலுஸ், நீ ஒருபோதும் முதலில் ஹவெ சொல்வதில்லை, பதிலுக்கு மட்டும் சொல்கிறாய், காக்கைகூட முதலில் சொல்லுமே’ என்று மார்ஷியல் சாடுகிறார்.

அந்தக் காக்கை கற்பனையல்ல. வெற்றியோடு திரும்பிய பேரரசர் அகுஸ்துஸிடம் ஒருவன் ‘அவே, கேசர், வெற்றிவேந்தே’ என்று பேசப் பழக்கிய அண்டங்காக்கையை நீட்ட, அவர் அதை 20,000 செஸ்தெர்ஸ் நாணயம் கொடுத்து வாங்கினார் என்று ரோமானிய எழுத்தாளர் மக்ரோபியுஸ் எழுதுகிறார். இதைப் பார்த்த ஓர் ஏழைச் செருப்புத் தொழிலாளியும் காக்கை ஒன்றைப் பழக்கினான். அது வாய் திறக்காத நாளெல்லாம் ‘உழைப்பும் போச்சு, காசும் போச்சு’ என்று புலம்பினான். ஒருவழியாக அது வணக்கம் சொன்னபோது, இப்படி வணங்குகிறவர்கள் வீட்டில் எனக்கு நிறையவே உண்டு என்றார் அகுஸ்துஸ். உடனே காக்கை, ‘உழைப்பும் போச்சு, காசும் போச்சு’ என்றது. முந்தையதைவிட அதிக விலை கொடுத்து வாங்கிக்கொண்டார்.

அவேயைப் பற்றிய பிரபலமான தவறான நம்பிக்கை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். ‘அவே, சாகப்போகிறவர்கள் உன்னை வணங்குகிறோம்’ என்பது எல்லா கிளாடியேட்டர்களும் சண்டைக்கு முன் சொன்ன வாசகம் என்று படங்கள் காட்டுகின்றன. ஸ்வெதோனியுஸ் இதை ஒரே ஒரு நிகழ்ச்சிக்குத்தான் பதிகிறார்: கி.பி. 52-இல், ஃபூகினே ஏரியில் பேரரசர் கிளாவ்தியுஸ் நடத்திய போலிக் கடற்போர். ‘ஹவெ, இம்பெராதோர்’ என்றவர்களுக்கு அவர் ‘அல்லது சாகாமலும் போகலாம்’ என்று பதில் சொல்ல, மன்னிப்பு கிடைத்துவிட்டதாக எடுத்துக்கொண்டு அவர்கள் சண்டையிட மறுத்துவிட்டார்கள்.

இறந்தவரிடம் இந்தச் சொற்களின் எல்லை கரைந்துவிடும். சகோதரனின் கல்லறையில் கவிஞர் கத்துல்லுஸ் சொன்னது ‘அவே அத்க்வெ வலே’: வணக்கமும் விடையும் ஒரே மூச்சில். வெர்ஜிலின் காவியத்தில் இளம் வீரன் பல்லாஸின் உடலைப் பார்த்துக் காவியத் தலைவன் ஏனேயாஸ் ‘என்றென்றும் ஸல்வே, என்றென்றும் வலே’ என்கிறான்.

ஏழாம் படி: கடிதத்தில் எழுதுவது

ரோமானியக் கடிதம் ஸல்வே என்று தொடங்காது. அதன் தலைப்பு வரிக்கு நான்கு உறுப்புகள்: அனுப்புகிறவர் பெயர் எழுவாயில், பெறுகிறவர் பெயர் நான்காம் வேற்றுமையில், பிறகு ‘ஸலூதெம்’ (நலத்தை), கடைசியில் ‘தீகித்’ (சொல்கிறார்). எழுதுகிறவரே தன்னைப் படர்க்கையில் வைக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ‘தீகோ’ (சொல்கிறேன்) என்று எழுதினால் பிழை. ‘மார்குஸ் யூலியை ஸலூதெம் தீகித்’: மார்குஸ் யூலியாவுக்கு நலம் சொல்கிறார்.

வேற்றுமை மாற்றம் இப்படி: மார்குஸ் ‘மார்கோ’ ஆகும், யூலியா ‘யூலியை’, சிசெரோ ‘சிசெரோனீ’. நெருக்கமானவர் என்றால் பெயருக்குப் பின் ‘ஸுவோ’ (ஆணுக்கு) அல்லது ‘ஸுவை’ (பெண்ணுக்கு), தன்னுடைய அன்புக்குரிய என்ற பொருளில். ‘ஸலூதெம் தீகித்’ முதலெழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும். நடுவில் ‘ப்ளூரிமம்’ (மிகுந்த) சேர்ந்தால் மூன்று எழுத்து. தலைப்புக்கு அடுத்த வரியாக ‘நீ நலமென்றால் நன்று, நான் நலம்’ என்று எழுதுவது முன்னோர் வழக்கம், என் காலம் வரை இருந்தது என்று செனெகா 15-ஆம் கடிதத்தில் சொல்கிறார். ‘நலம், நலமறிய ஆவல்’ என்று எழுதிப் பழகிய தலைமுறைக்கு இந்த வரியை விளக்க வேண்டியதில்லை.

முடிவில் வலே. இதற்கு நல்ல மாதிரி, இங்கிலாந்தின் வடக்கே விந்தொலாந்தா கோட்டையில் 1985-இல் மண்ணிலிருந்து எடுத்த மெல்லிய மரப்பலகை. கி.பி. 100-ஐ ஒட்டியது. கிளாவ்தியா செவேரா தன் தோழி லெபிதீனாவை செப்டம்பர் 11 அன்று வரும் பிறந்தநாளுக்கு அழைக்கிறாள். தலைப்பு வரி மேலே சொன்ன வாய்பாட்டின்படி இருக்கிறது: ‘செவேரா லெபிதீனை ஸுவை ஸலூதெம்’, தீகித் விடுபட்டு. கடிதத்தை எழுதியது தொழில்முறை எழுத்தர். கீழே, வேறு கையெழுத்தில், சற்று நெளிந்த எழுத்தில் செவேராவே சேர்த்திருக்கிறாள்: உன்னை எதிர்பார்ப்பேன் சகோதரி, வலே சகோதரி, என் உயிரே, நான் நலமாயிருக்க விரும்புவதுபோல் நீயும், அன்பே, ஹவெ. ஒரு பெண் தன் கையாலேயே எழுதிய லத்தீன் எழுத்துகளில் நமக்குக் கிடைத்த மிகப் பழையவற்றில் இது ஒன்று. வலேயும் ஹவெயும் ஒரே விடைபெறலில் வந்திருப்பதையும் பாருங்கள். பாடநூல் போடும் கோட்டை அன்பு சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது.

மூன்றாம் ஆளுக்கு வணக்கம் சொல்லி அனுப்ப இரண்டு வழி. பேச்சில்: ‘மார்கும் ஸல்வேரெ யுபெயோ’, மார்குஸ் நலமாயிருக்கச் சொல்கிறேன். கடிதத்தில்: ‘ஸலூதா மார்கும்’, மார்குஸை நான் கேட்டதாகச் சொல். பெயர் இரண்டிலும் செயப்படுபொருள் வேற்றுமை. உரோமையருக்கு எழுதிய நிருபத்தின் 16-ஆம் அதிகாரம் இந்தப் பயிற்சிக்கு ஏற்றது. லத்தீன் விவிலியத்தில் அந்த அதிகாரம் நெடுக ‘ஸலூதாதெ’ என்ற பன்மை ஏவல் திரும்பத் திரும்ப வரும். 22-ஆம் வசனத்தில் கடிதத்தைக் கைப்பட எழுதிய தெர்தியுஸ் ‘ஸலூதோ வோஸ்’ என்று தன் வணக்கத்தையும் செருகிவிடுகிறார்.

எட்டாம் படி: வாசலிலும் தும்மலிலும்

பொம்பேயில் ஃபான் மாளிகை என்று இன்று அழைக்கப்படும் வீட்டு வாசலின் முன் நடைபாதையிலேயே ‘ஹவெ’ என்று கல் பதித்திருக்கிறார்கள். அதே நகரில் இன்னொரு வீட்டு நுழைவாயிலில் ‘ஸல்வே லுக்ரு’: லாபமே, வருக. ஜெர்மனியின் வைமர் நகரில் கவிஞர் கதேயின் வீட்டிலும் மாடி அறை வாசல் தரையில் ஸல்வே பதிந்திருக்கிறது. உங்கள் வீட்டு நிலைப்படியில் பொறிக்க நினைத்தால் ஒருமையிலேயே பொறியுங்கள். உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துச் சொல்வது அது. ரோமன் தலைப்பெழுத்துகளே போதும். பாடநூல்களில் நெடிலைக் காட்ட எழுத்தின் மேல் போடும் கோடு மாணவர்களுக்கானது, கல்லுக்கு வேண்டாம்.

மனிதரை மட்டுமல்ல, ஊரையும் மண்ணையும் ஸல்வே சொல்லி விளிக்கலாம். பயணம் முடிந்து வீடு திரும்பிய கத்துல்லுஸ் தன் ஊரை ‘ஸல்வே, அழகிய ஸீர்மியோ’ என்கிறார். வெர்ஜில் இத்தாலிய மண்ணையே ‘ஸல்வே, விளைச்சலின் பெருந்தாயே’ என்று வாழ்த்துகிறார். இந்த இடங்களில் ‘வணக்கம்’ என்று தமிழாக்கினால் சப்பென்றிருக்கும், ‘வாழி’ பொருந்தும்.

யாராவது தும்மினாலும் ரோமானியர் ஸல்வே சொன்னார்கள். சிடுமூஞ்சி என்று பெயரெடுத்த பேரரசர் திபேரியுஸ்கூட, வண்டியில் போகும்போதும் இதை எதிர்பார்த்தாராம், ப்ளினி எழுதுகிறார். பெத்ரோனியுஸின் கதையில் கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் கீதோன் தொடர்ந்து தும்மிவிட, அறையில் இருந்த எவ்மொல்புஸ் ‘ஸல்வேரெ யுபெத்’, நலமாயிரு என்கிறான். தும்மலாலேயே ஒளிவிடம் வெளியாகிவிடுகிறது. தும்மலுக்கு வாழ்த்துவது நமக்கும் பழையது. ஊடிப் பேசாமலிருந்தபோது, ‘நீடு வாழ்க’ என்று சொல்லவைப்பதற்காகவே அவர் தும்மினார் என்கிறாள் 1312-ஆம் குறளின் தலைவி. வகுப்பில் இதைப் பழக்க வேண்டுமென்றால் ஜலதோஷக் காலமே சரி.

ஒன்பதாம் படி: செபங்களில்

தமிழ்க் கத்தோலிக்கருக்கு இந்தச் சொற்கள் ஏற்கெனவே மனப்பாடம். ‘ஸல்வே ரெஜீனா’ என்று தொடங்கும் 11-ஆம் நூற்றாண்டுப் பாடல்தான் ‘கிருபை தயாபத்துக்கு மாதாவாயிருக்கிற எங்கள் இராக்கினியே வாழ்க’ என்ற செபம். ‘ஆவே மரியா’, ‘அருள் நிறைந்த மரியே வாழ்க’ ஆனது. லத்தீனில் இருவேறு சொற்கள். தமிழில் இரண்டுக்கும் ஒரே ‘வாழ்க’. மொழிபெயர்த்தவர்கள் வணக்கம் என்று வைக்காமல் வினையை வினையாகவே கொண்டுவந்தது துல்லியமான தேர்வு. லத்தீன் வாக்கியத்தில் ஸல்வே முதலில் ஒருமுறையும், ‘எங்கள் நம்பிக்கையே’ என்றபின் இறுதியில் ஒருமுறையும் வரும். பாடகர் குழு இந்த இரண்டாவதை முந்தைய சொல்லோடு ஒட்டிப் பாடிவிடுகிறது. அதற்கு முன் சிறு நிறுத்தம் வேண்டும். இங்கே திருச்சபை உச்சரிப்பே முறை: ரெகீனா அல்ல, ரெஜீனா.

அவே எப்போதும் பக்தியோடு வரும் என்று எண்ணிவிடக் கூடாது. முள்முடி சூட்டிய படைவீரர்கள் ‘யூதருடைய ராஜாவே, வாழ்க’ என்று கேலி செய்தபோதும் லத்தீன் விவிலியத்தில் அதே அவே. யூதாஸ் முத்தமிடுமுன் சொன்னதும் ‘அவே, ரப்பி’. உயிர்த்தெழுந்தபின் இயேசு பெண்களைச் சந்தித்துச் சொல்வது ‘அவேதெ’. இருவர் என்பதால் பன்மை.

பத்தாம் படி: இத்தாலியில் இறங்கினால்

ஸல்வே அருங்காட்சியகச் சொல்லாகிவிடவில்லை. இத்தாலிய மொழியில் இன்றும் உயிரோடிருக்கிறது, ஆனால் விதிகள் மாறிவிட்டன. முதலாவது, அங்கே அது வினை என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள். ஒருவருக்கும் பலருக்கும் ஸல்வேதான். கடையில் நான்கு பேரைப் பார்த்து ஸல்வேதெ என்றால் லத்தீன் வாத்தியார் வந்துவிட்டதாக நினைப்பார்கள். இரண்டாவது, உச்சரிப்பில் பல் உதட்டில் படும் வகரம். மூன்றாவது, மரியாதை அளவு. ‘சாவ்’ நண்பருக்கும் வீட்டாருக்கும், ‘புவோன்ஜோர்னோ’ முறையானது. இரண்டுக்கும் நடுவில், நீயா நீங்களா என்று தீர்மானிக்க முடியாத இடத்தில் ஸல்வே: மாடிப்படியில் எதிர்ப்படும் அண்டை வீட்டார், காபிக்கடைக்காரர், பெயர் மறந்துபோன அறிமுகம். நேர்முகத் தேர்விலும் வயதானவர்களிடம் முதல் சந்திப்பிலும் புவோன்ஜோர்னோவே நல்லது. சிலருக்கு ஸல்வே கொஞ்சம் அசட்டையாகப் படும். விடைபெறும்போது அதைச் சொல்ல வேண்டாம். ‘அர்ரிவெதேர்ச்சி’ இருக்கிறது.